பலதரப்பட்ட குழுவுக்குப் பொறுப்பேற்கிறீர்களா? முதல் 90 நாள்களுக்கான வழிகாட்டி

ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டபோது கையில் கொடுத்தவை இரண்டு: ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு கெடு தேதி. குழுவில் நான்கு தாய்மொழிகள், மூன்று நேர மண்டலங்கள். வயது 23 முதல் 58 வரை. ஐந்து பேர் நிரந்தரப் பணியாளர்கள், நால்வர் ஒப்பந்தப் பணியாளர்கள். “எல்லோரும் கெட்டிக்காரர்கள். தானாகப் பழகிவிடும்” என்றார் என்னை நியமித்தவர்.

பழகவில்லை. ஏழு மாதம் கழித்து வேலை ஒருவழியாக முடிந்தபோது இருவர் விலகிப் போயிருந்தார்கள். மீதிப் பேர், பக்கத்து மேசைக்காரருக்கு எழுதும் மின்னஞ்சலில்கூட மேலதிகாரியின் முகவரியைச் சேர்த்தே அனுப்பினார்கள். ஒரு குழுவில் நம்பிக்கை போய்விட்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான அடையாளம் எனக்குத் தெரியாது.

அடுத்த குழுவில் வரிசையை மாற்றிச் செய்தேன். அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. முதல் குழுவில் செய்த தவறுகளும் ஆங்காங்கே வரும்; அவற்றைப் படித்துவிட்டு நீங்கள் புதிதாக வேறு தவறுகளைச் செய்துகொள்ளலாம்.

## 1. தொடங்கும் முன் மணிக்கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

இந்த வேலைக்குப் பணம் அதிகம் தேவைப்படாது. நேரம் தேவைப்படும், அதுவும் அலுவலக நேரம். ஒன்பது பேர் குழுவுக்கு நான் போட்ட கணக்கு இது:

- தனிச் சந்திப்பு: எட்டுப் பேருடன் தலா 45 நிமிடம். உங்கள் பக்கம் 6 மணி, அவர்கள் பக்கம் 6 மணி, ஆக 12 ஆள்மணி.
- ஒப்பந்தக் கூட்டம் (குழு எப்படி வேலை செய்யும் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொள்வது, 4ஆம் பகுதி): ஒன்பது பேர், ஒன்றரை மணி நேரம். 13.5 ஆள்மணி.
- 30, 60, 90ஆம் நாள்களில் ஒரு மணி நேரப் பரிசீலனை: 27 ஆள்மணி.

மொத்தம் 52.5 ஆள்மணி. உங்களுக்கு மட்டும் பத்தரை மணி, மற்றவர்களுக்குத் தலா ஐந்தேகால் மணி. மூன்று மாதத்துக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், முதல் நெருக்கடி வந்ததும் வெட்டப்படுவது இதுதான். இந்த எண்ணை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தது. முதல் குழுவின் ஆரம்பக் கூட்டங்களில் ஒப்பந்தப் பணியாளர் நால்வரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்வமில்லாதவர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த மணிநேரங்களுக்கு அவர்களுக்குச் சம்பளமே கிடையாது என்பது மூன்றாவது மாதம்தான் தெரியவந்தது. அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் வேலைக்கு மட்டுமே பணம், கூட்டத்துக்கு இல்லை. முதல் வாரமே அந்த ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூட்ட நேரம் கணக்கில் வராவிட்டால் அதை வரவைப்பது உங்கள் முதல் வேலை. ஒரு தரப்பு சம்பளத்தோடும் மறுதரப்பு இலவசமாகவும் உட்கார்ந்திருக்கும் அறையில் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு நாக்கு கூச வேண்டும்.

பணம் எதற்கு வேண்டும்? காணொளிக் கூட்டத்தில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி, தெளிவாகக் கேட்கும் ஒலிவாங்கி, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். எல்லோரையும் நேரில் ஒருமுறை கூட்டப் பயணச் செலவு கிடைத்தால், அதை முதல் வாரத்தில் செலவழிக்காதீர்கள். ஆறு அல்லது ஏழாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். முதல் வாரத்தில் சிரித்துக் கைகுலுக்குவதைத் தவிர வேறு எதற்கும் வழியில்லை. ஏழாவது வாரத்தில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய நாலு பிரச்சினை நிச்சயம் இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் ‘குழு விளையாட்டு’களுக்கு ஒதுக்கும் பணத்தையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

## 2. ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள் (1 முதல் 10ஆம் நாள் வரை)

மூத்தவர்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நீங்கள் ஓரத்தில் இருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள்: தூரத்து நேர மண்டலத்தில் இருப்பவர், பொது மொழியில் தடுமாறுபவர், கடைசியாகச் சேர்ந்தவர். மூத்தவர் சொல்லும் கதையை முதலில் கேட்டுவிட்டால் மற்ற ஏழு பேரையும் அவர் கண்ணாடி வழியாகவே பார்ப்பீர்கள்.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை:

- உங்களை எப்படி அழைக்க வேண்டும்? பெயரை ஒருமுறை சொல்லிக்காட்டுங்கள்.
- எந்த நேரத்தில் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது?
- கெட்ட செய்தியை எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி? எழுத்திலா, நேரிலா, தனியாகவா?
- இதற்கு முன் இருந்த குழுவில் எது உங்களைச் சோர்வடையச் செய்தது?
- இந்த வேலையில் உங்களுக்கு மட்டும் தெரிந்து, மற்றவர்களுக்குத் தெரியாதது என்ன?

பெயர் விஷயம் அற்பமாகத் தோன்றும். அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொண்டார்களா என்று உறுதிசெய்யும் வரி ஒன்று இருக்கிறது. உயிர் போகும் இடத்திலேயே அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். பெயரைச் சொல்லிப் பழகுங்கள். நீளமாக இருக்கிறதென்று நீங்களாக வெட்டிச் சுருக்காதீர்கள். ஒருவர் தானே சுருக்கப் பெயர் கொடுத்தால் அது வேறு.

கேட்கக் கூடாதவையும் உண்டு. “உங்கள் பக்கத்தில் இதை எப்படிச் செய்வார்கள்?” என்று ஒருவரைத் தன் இனத்துக்கோ நாட்டுக்கோ தூதராக்காதீர்கள். அவர் தன்னைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும். உடல்நலம், மத நம்பிக்கை, குடும்ப நிலை ஆகியவற்றை நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், குறித்து வைக்காதீர்கள். “வெள்ளிக்கிழமை மதியம் இவர் கிடைக்க மாட்டார்” என்பது மட்டும் ஆவணத்தில் இருந்தால் போதும். ஏன் என்பது உங்கள் ஆவணத்தின் கவலை இல்லை.

சந்திப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைத் தாமே எழுதிப் பொது இடத்தில் வைக்கட்டும். தலைப்பு: ‘என்னோடு வேலை செய்ய’. முதல் குறிப்பை நீங்கள் எழுதுங்கள், அதில் உங்கள் குறை ஒன்று இருக்கட்டும். “மாலை நாலு மணிக்கு மேல் என் பதில்கள் கடுகடுப்பாக இருக்கும்; கோபமென்று நினைக்க வேண்டாம், களைப்பு” என்று நான் எழுதினேன். அதன் பிறகுதான் மற்றவர்கள் உண்மையை எழுதினார்கள்.

## 3. ‘சரி’ என்றால் என்ன என்று எழுதிவையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. காணொளிக் கூட்டத்தில் ஒருவரிடம், “வரைபடங்களை வியாழக்கிழமைக்குள் தர முடியுமா?” என்று கேட்டேன். அவர் ஒரு நொடி திரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்து, “சரி” என்றார். வியாழன் வந்தது, வரைபடம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை கொஞ்சம் சூடாகவே எழுதினேன். பதில் மாலையில் வந்தது: “நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்ற பொருளில்தான் ‘சரி’ என்றேன். முடியாது என்று அத்தனை பேர் முன்னால் உங்களிடம் எப்படிச் சொல்வது?”

அவர் பொய் சொல்லவில்லை. நானும் அநியாயமாகக் கேட்கவில்லை. அந்த ஒரு நொடித் தயக்கம்தான் அவருடைய பதில். எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. இப்படி ஐந்தாறு ‘சரி’கள் சேர்ந்தால் ஒரு பக்கம் “சொன்ன வாக்கைக் காப்பாற்றாதவர்” என்றும் மறுபக்கம் “எல்லோர் முன்னாலும் நெருக்குபவர்” என்றும் பெயர் விழுந்துவிடும். பிறகு அதைத் துடைக்க மாதங்கள் ஆகும்.

இரண்டாவது குழுவில் ‘சரி’யை நாலாகப் பிரித்தோம்:

1. கேட்டுக்கொண்டேன்.
2. புரிந்தது.
3. ஒப்புக்கொள்கிறேன்.
4. இன்ன தேதிக்குள் நான் செய்து தருகிறேன்.

கூட்டத்தில் யாராவது “சரி” என்றால், “எத்தனையாவது சரி?” என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஆள்கள் தாமாகவே “இரண்டாவது சரி” என்று சொல்லத் தொடங்கினார்கள். அப்படிச் சொல்வது மறுப்பு அல்ல, ஆனால் வாக்குறுதியும் அல்ல. ‘முடியாது’ என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொள்பவர்களுக்கு அது ஒரு கதவு.

கேள்வியையும் மாற்றுங்கள். “வியாழனுக்குள் முடியுமா?” என்றால் பலருக்கு ‘ஆம்’ தவிர வேறு பதில் இல்லை. “எந்தத் தேதி சொன்னால் உங்களுக்கு மூச்சு முட்டாது?”, “இதற்கு எது குறுக்கே வரும்?” என்று கேளுங்கள். நிஜமான தேதி வெளியே வரும்.

‘சரி’யோடு சேர்த்து இன்னும் சில சொற்களுக்கும் பொருள் எழுதுங்கள். ‘முடிந்தது’ என்றால் எழுதி முடித்ததா, இன்னொருவர் சரிபார்த்ததா, வாடிக்கையாளர் கைக்குப் போனதா? ‘அவசரம்’ என்றால் இன்றைக்குள்ளா, இந்த வாரத்துக்குள்ளா? நாங்கள் ‘அவசரம்’ என்ற சொல்லையே தடை செய்து, நேரத்தை மட்டும் எழுதச் சொன்னோம்.

தேதியில் மோசமான ஒரு பொறி இருக்கிறது. 03/04 என்றால் சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுங்கள், அல்லது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். “வெள்ளி மாலைக்குள்” என்றால் யாருடைய வெள்ளி, யாருடைய மாலை? நேரத்தோடு யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். கடிகார மாற்றத்தையும் நாட்காட்டியில் குறியுங்கள்: அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரம் முன்னே போகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் கூட்ட நேரம் ஒரு மணி நேரம் நழுவிக் கிடக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையில் இதே கூத்து ஒரு வாரம் நடக்கும். கடிகாரத்தையே தொடாத நாடுகளில் இருப்பவர்களோ, தாமதமாக வந்தவர்கள் என்ற பெயரைச் சும்மா வாங்கிக்கொள்வார்கள்.

## 4. ஒரே பக்கத்தில் குழு ஒப்பந்தம் எழுதுங்கள் (11 முதல் 20ஆம் நாள் வரை)

“ஒருவரையொருவர் மதிப்போம்”, “திறந்த மனதோடு பேசுவோம்” போன்ற வரிகளை எழுதிவிட்டுக் கைதட்டிக் கலையாதீர்கள். அவற்றை மீறியதாக யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே அவற்றால் பயனும் இல்லை. பார்த்தால் தெரியக்கூடிய செயலை எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தவற்றில் சில:

- மின்னஞ்சலுக்கு ஒரு வேலை நாளுக்குள் பதில். முழுப் பதில் இல்லாவிட்டால் “பார்த்தேன், இன்ன தேதியில் எழுதுகிறேன்” என்றாவது.
- பொது மொழியைத் தவிர வேறு மொழியில் இருவர் பேசிக்கொண்டால், பேசியதன் சாரத்தை ஒரு வரியில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தாய்மொழியில் பேசக் கூடாது என்ற தடை கிடையாது.
- ஒருவரின் வேலையைக் குறை சொல்வதென்றால் முதலில் அவரிடம், பிறகு குழுவில். மேலதிகாரியைச் சேர்த்து எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்டவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.
- எல்லோரும் ஒத்துப்போக முடியாதபோது யார் முடிவெடுப்பார்? பணம் பற்றியதென்றால் பொறுப்பாளர். தொழில்நுட்பம் பற்றியதென்றால் அந்தப் பகுதிக்கு உரியவர்.

கடைசி வரி மிக முக்கியம். முடிவு என்பதைச் சிலர் கலந்து பேசி எல்லோரும் சம்மதிப்பது என்று பழகியிருப்பார்கள், சிலர் மூத்தவர் சொல்வது என்று. இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு பாதி “எங்களைக் கேட்கவேயில்லை” என்றும், மறுபாதி “பொறுப்பாளருக்கு முதுகெலும்பு இல்லை” என்றும் பேசும். எனக்கு இரண்டு பெயரும் ஒரே மாதத்தில் கிடைத்தன.

நடைமுறை: வரைவை நீங்கள் தனியாக எழுத வேண்டாம். வேறு வேறு பின்னணி கொண்ட இருவரிடம் கொடுங்கள். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். பொது மொழி இரண்டாவது மொழியாக இருப்பவர்களுக்கு அந்த மூன்று நாள் சலுகை அல்ல, அவசியம். பெயரில்லாமல் கருத்து எழுத ஒரு வழி வையுங்கள். கூட்டத்தில் ஒவ்வொரு வரியையும் படித்து, “இதை உங்களால் செய்ய முடியாத நாள் எது?” என்று கேளுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் வெட்டுங்கள்.

இதோடு முடிவுப் பதிவேடு ஒன்றையும் தொடங்குங்கள். ஐந்தே பத்தி (நெடுவரிசை): தேதி, முடிவு, எடுத்தவர், காரணம், எதிர்த்தவர் சொன்னது. கடைசிப் பத்தியை நீக்கச் சொல்லி யாராவது வருவார்கள். நீக்காதீர்கள். தன் மறுப்பு எழுத்தில் பதிவாகியிருப்பதைப் பார்க்கும் மனிதர், தோற்ற முடிவுக்கும் கை கொடுப்பார்.

## 5. பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள்

கூட்டத்தில் அதிகம் பேசுபவர் அதிகம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. பொது மொழி சரளமாக வருபவராக இருக்கலாம், அவ்வளவுதான். உளவியலாளர்கள் கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சங்கடமாகக் காட்டியது: குழுவாகப் பேசும்போது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறோம், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் பெரும்பாலும் மேசைக்கே வருவதில்லை. வேறு வேறு ஆள்களைச் சேர்த்ததன் பயனே அந்தத் தகவல்தான்.

எனக்குப் புத்தி வந்தது வேறு விதமாக. ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் காரசாரமாக விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம். கூட்டம் முடிந்து திரையை மூடப் போகும்போது பக்கவாட்டில் எழுத்துரையாடல் பெட்டியைப் பார்த்தேன். பதினோராவது நிமிடத்தில் ஒரு பெண் இரண்டு வரி எழுதியிருந்தார்: “இந்த முறையைச் சென்ற ஆண்டு நாங்கள் முயன்றோம். சோதனைக் கட்டத்தில் நின்றுவிட்டது. காரணம் சொல்லட்டுமா?” அதற்கு ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து நாங்களும் சோதனைக் கட்டத்தில் நின்றோம்.

அதனால்:

- முக்கியமான கேள்விக்கு முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும். பிறகு பேச்சு.
- எழுத்துரையாடலைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள். வாரம் ஒருவர் மாறட்டும்.
- பொறுப்பாளர் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் வாயைத் திறந்த பிறகு வருவது பெரும்பாலும் தலையாட்டல்தான்.
- கூட்டக் குறிப்பு 24 மணி நேரத்துக்குள். குறிப்பு எழுதும் வேலை எப்போதும் இளையவர் மீதோ பெண்கள் மீதோ விழுகிறதா என்று பாருங்கள். சுழற்சி முறையில் போடுங்கள்.
- நேர மண்டலத்தின் வலியையும் சுற்றிவிடுங்கள். ஒருவரே எப்போதும் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தால், அவர் அந்தக் குழுவில் ஒப்புக்குச் சப்பாணி என்று நீங்கள் வாரந்தோறும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய முடிவுக்கு முன் இன்னொரு பயிற்சியும் கைகொடுக்கும். உளவியலாளர் கேரி கிளைன் பரப்பியது. “ஆறு மாதம் கழித்து இந்த வேலை படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன்?” என்று கேட்டு எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசத் தயங்குபவர்களும் இதற்கு எழுதுவார்கள், ஏனென்றால் யாருடைய யோசனையையும் அவர்கள் இங்கே மறுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள்.

## 6. பிளவு எந்தக் கோட்டில் விழும் என்று முன்பே பாருங்கள்

ஒரு தாளில் பெயர்களை எழுதி, எதிரே மொழி, இடம், வயது, பணி வகை, துறை ஆகியவற்றைக் குறியுங்கள். (இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.) இந்த வேறுபாடுகள் கலைந்து கிடந்தால் கவலையில்லை. ஒரே கோட்டில் அடுக்கி நின்றால்தான் ஆபத்து: ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லோரும் இளையவர்கள், எல்லோரும் ஒரே மொழி, எல்லோரும் ஒரே அலுவலகம் என்று இருந்தால், அது ஒரு குழுவே அல்ல, மேசைக்கு இருபுறம் உட்கார்ந்த இரண்டு குழுக்கள். மேலாண்மை ஆய்வாளர்கள் டோரா லாவும் கீத் மர்னிகனும் 1998இல் இதைப் பிளவுக்கோடு என்று நிலவியலிலிருந்து எடுத்த சொல்லால் அழைத்தார்கள். அழுத்தம் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது: வேலையைப் பிரிக்கும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று இணைத்துச் சிறு வேலைகளைக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் முடிகிற, முடிந்தால் கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஒன்பது பேருக்குள் 36 இணைகள் உண்டு. எல்லாவற்றையும் வளர்க்க முடியாது. கோட்டைத் தாண்டும் நாலைந்து இணைகள் உறுதியானால் போதும், செய்தி அவற்றின் வழியாக ஓடும். அவர்களை “நண்பர்களாகுங்கள்” என்று தள்ளாதீர்கள். சேர்ந்து ஒன்றை முடித்தவர்கள் பழகிக்கொள்வார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

## 7. முதல் தவறு நடக்கும் நாளுக்குத் தயாராக இருங்கள்

அது வரும். அன்று நீங்கள் பேசும் முதல் மூன்று வாக்கியங்களை வைத்து, அடுத்த ஓராண்டுக்கு உங்களிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று குழு தீர்மானித்துவிடும்.

மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். ஆகவே உங்கள் குழுவில் முதல் இரண்டு மாதம் ஒரு தவறும் காதுக்கு வரவில்லை என்றால் மகிழாதீர்கள். விசாரியுங்கள்.

என் மூன்று வாக்கியங்கள் இவை, கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டேன்: “சொன்னதற்கு நன்றி. இப்போது யாருக்காவது பாதிப்பு இருக்கிறதா? முதலில் அதைச் சரிசெய்வோம்.” யார் செய்தது என்ற கேள்வி அன்று வேண்டாம். மறுநாள் “எங்கே சறுக்கியது?” என்று கேளுங்கள். முடிந்தால் குழுவின் முதல் தவறு உங்களுடையதாக இருக்கட்டும்: ஐந்தாவது வாரம் ஒரு மதிப்பீட்டைத் தப்பாக அனுப்பிவிட்டு, அதை நானே கூட்டத்தின் முதல் விஷயமாக வைத்தேன். நடிக்கவில்லை, உண்மையாகவே தப்பாக அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் இரண்டு பேர் தங்கள் தவறுகளைக் கொண்டுவந்தார்கள்.

## 8. “அவரை நம்ப முடியாது” என்று ஒருவர் வந்தால்

எதில் நம்ப முடியாது என்று கேளுங்கள். மேலாண்மை ஆய்வாளர்கள் ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஸ்கூர்மன் மூவரும் 1995இல் இதற்கு வசதியான ஒரு பிரிப்பைக் கொடுத்தார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. திறமையில் சந்தேகம் என்றால் பயிற்சியோ வேலை மாற்றமோ தீர்வு. நல்லெண்ணத்தில் என்றால் இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். பாதிக்கு மேல் அந்த ‘சரி’ போன்ற மொழிச் சிக்கலாகவே இருக்கும். நேர்மையில் என்றால் சான்று கேளுங்கள், இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருவரின் பிறப்பு, பால், நிறம், மதம், உடல் குறைபாடு ஆகியவற்றைக் குத்திக்காட்டும் பேச்சு ‘கருத்து வேறுபாடு’ அல்ல. அதைச் சமரசம் பேசித் தீர்க்க முயலாதீர்கள், பாதிக்கப்பட்டவரைக் குற்றம் செய்தவரோடு ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். அன்றே தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை எழுதி, நிறுவனத்தின் புகார் நடைமுறைக்கு எடுத்துச் செல்லுங்கள். புகாருக்குக் கெடு இருக்கிறதா என்று முதல் வாரமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். “விளையாட்டுக்குச் சொன்னார்” என்று பூசி மெழுகினால், மேலே எழுதிய ஏழு படிகளும் வீண்.

## 9. 30, 60, 90

30ஆம் நாள் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, எந்த வரியை யாரும் பின்பற்றவில்லை என்று பாருங்கள். அந்த வரியை நீக்குங்கள் அல்லது மாற்றுங்கள்; கிடக்கட்டும் என்று விடாதீர்கள். 60ஆம் நாள் மனநிலை சரிந்திருக்கும். முதல் மரியாதைகள் கரைந்து உண்மையான உரசல் வெளியே வரும் காலம் அது. உங்கள் முயற்சி தோற்றுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றத் தொடங்காதீர்கள்; நேரில் சந்திக்கும் செலவு கையில் இருந்தால் இதற்குச் சற்று முன்னால்தான் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

90ஆம் நாள் கேள்வித்தாள் நீட்டாதீர்கள். இவற்றை மட்டும் எண்ணுங்கள்: சென்ற மாதம் உங்களைக் கேட்காமல் இருவர் தமக்குள் தீர்த்துக்கொண்ட பிரச்சினைகள் எத்தனை? கெட்ட செய்தி உங்களை அடைய எத்தனை நாள் ஆகிறது? முடிவுப் பதிவேட்டின் ஐந்தாவது பத்தியில் எத்தனை வேறு வேறு பெயர்கள் இருக்கின்றன? மேலதிகாரியைச் சேர்த்து அனுப்பிய மின்னஞ்சல்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

நடுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், அரைப் பக்கக் குறிப்புகள், சொற்பொருள் பட்டியல், ஒப்பந்தம், முடிவுப் பதிவேடு ஆகிய நாலையும் முதல் நாளே கொடுங்கள். படித்துவிட்டு, தமக்கு விநோதமாகத் தெரிவதை எல்லாம் கோடிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கெடு இரண்டு வாரம். அதற்கு மேல் விட்டால் அவருக்கும் பழகிவிடும்.